காப்பீட்டைப் புதுப்பிக்கப் படகின் நிலை ஆய்வு கேட்கிறார்கள்: அறிக்கையில் என்ன இருக்கும், வந்தபின் என்ன செய்வது?

கரைவலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ளது 20 வயதைத் தாண்டிய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு. உள்ளே டீசல் என்ஜினும் சமையலுக்கு எரிவாயு அடுப்பும் இருக்கின்றன. இத்தனை காலமும் பிரீமியத்தைக் கட்டினால் போதும், பாலிசி தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிடும். இம்முறை வந்த கடிதத்தில், படகைக் கரையேற்றி, அங்கீகாரம் பெற்ற சர்வேயர் ஒருவரைக் கொண்டு நிலை மற்றும் மதிப்பீட்டு ஆய்வு செய்து, அந்த அறிக்கையை அனுப்பினால்தான் புதுப்பிப்போம் என்று எழுதியிருக்கிறார்கள். படகை வாங்கியபோது செய்த ஆய்வின் அறிக்கை என்னிடம் உள்ளது. அதை அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்களா? குறைகள் தென்பட்டால் காப்பீடே கிடைக்காமல் போய்விடுமா? சர்வேயர் எதைப் பார்ப்பார், எதைப் பார்க்கமாட்டார் என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தென்கிழக்கான் எழுதியது:

இதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் நண்பரே. நிறுவனத்துக்குக் கோப்பில் வைக்க ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இது வெறும் கண்துடைப்பு. குறைந்த கட்டணத்தில் வருபவரை அழைத்து, படகு நீரில் நிற்கும்போதே பார்க்கச் சொல்லி, அறிக்கையை அனுப்பிவிடுங்கள்.

வடம்பிடி எழுதியது:

சர்வே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் தென்கிழக்கான் அவர்களின் கருத்தை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதம் கோப்பில் சும்மா கிடப்பதில்லை. நாளை இழப்பீடு கோரும் சூழல் வந்தால், முதலில் எடுத்துப் புரட்டப்படுவது அதுதான்.

கரைவலை அவர்களின் கேள்விகளுக்கு வருகிறேன். இந்த அறிக்கையைப் படிப்பவர், உங்கள் படகைக் கண்ணால் கூடப் பார்த்திராத ஒரு காப்பீட்டு அதிகாரி. இது மூழ்குமா, தீப்பற்றுமா, பாய்மரம் சாயுமா, அடுத்தவர் படகுக்கோ உயிருக்கோ சேதம் விளைவிக்குமா, முற்றிலும் அழிந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பவையே அவருடைய கேள்விகள். வாங்கும்போது செய்யப்படும் ஆய்வு இதைவிட விரிவானது. வாங்குபவரின் பணத்தைக் காப்பதே அதன் நோக்கம் என்பதால், கடலில் ஓட்டிப் பார்ப்பது, என்ஜினைத் தனியே சோதிப்பது, மேற்பூச்சின் அழகைக் குறிப்பது எல்லாம் அதில் சேரும். காப்பீட்டுக்கான நிலை ஆய்வு அதன் சுருக்கம் என்று சொல்லலாம். ஆனாலும் உங்கள் பழைய அறிக்கை இன்றைய நிலையைச் சொல்லாது. வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தால் ஏற்கக்கூடும், ஆண்டுகள் கடந்திருந்தால் ஏற்கமாட்டார்கள். பழைய உரிமையாளர் தமக்காகச் செய்துகொண்ட அறிக்கை என்றால் அதில் இன்னொரு சிக்கலும் உண்டு: அந்தச் சர்வேயர் ஒப்பந்தம் செய்துகொண்டது அவரோடு, உங்களோடு அல்ல, அதில் பிழை இருந்தால் நீங்கள் அவரைக் கேட்க முடியாமல் போகலாம்.

சர்வேயரை அமர்த்துவதற்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்து மூலம் சில விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அமைப்பைச் சேர்ந்த சர்வேயரை ஏற்பார்கள், கரையேற்றம் கட்டாயமா, பாய்மரமும் அதைத் தாங்கும் கம்பிகளும் தனியே ஆராயப்பட வேண்டுமா, அறிக்கை எத்தனை நாள்களுக்குள் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. பல நாடுகளில் படகு சர்வேயர் என்று சொல்லிக்கொள்ள அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால்தான் நிறுவனங்கள் தொழில் அமைப்புகளின் உறுப்பினர் தகுதியைக் கேட்கின்றன. அமெரிக்காவில் 1987இல் தொடங்கப்பட்ட சாம்ஸ், அதற்கும் மூத்த நாம்ஸ், பிரிட்டனில் ஒய்.டி.எஸ்.ஏ., பல நாடுகளில் உறுப்பினர்களைக் கொண்ட ஐ.ஐ.எம்.எஸ். ஆகியவை பரவலாக ஏற்கப்படுபவை. மலிவாக ஒருவரை அழைத்து அறிக்கை வாங்கியபின் "இவரை நாங்கள் ஏற்பதில்லை" என்று பதில் வந்தால், கரையேற்றும் செலவு உட்பட அனைத்தும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

கரைவலை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. கரையேற்றியபின் ஆய்வு எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல முடியுமா? சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதில் என்ன தெரியும்?

வடம்பிடி எழுதியது:

தட்டிப் பார்ப்பதில் நிறையவே தெரியும். சிறிய பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் ஹல் (படகின் வெளியுடல்) முழுவதும், பிறகு மேல்தளம் முழுவதும், சிறு இடைவெளிகளில் தட்டிக்கொண்டே போவோம். இறுகிய லேமினேட் (ஃபைபர்கிளாஸ் அடுக்குகள்) "டக் டக்" என்று கூர்மையாக ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்திருந்தாலோ உள்ளிருக்கும் பால்சா மரம் நைந்திருந்தாலோ ஒலி சட்டென்று மந்தமாகிவிடும். மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பிகளின் அடிப்பாகம், கயிற்றை இழுக்கும் விஞ்ச், பாய்மரக் கம்பிகளைப் பிடிக்கும் செயின்பிளேட் ஆகியவற்றைச் சுற்றித்தான் இந்த மந்த ஒலி பெரும்பாலும் கேட்கும். துளை போட்ட இடத்தில் பூச்சு விட்டுப்போய் நீர் இறங்கியிருக்கும்.

ஈரமானியையும் வைத்துப் பார்ப்போம். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பதறக் கூடாது. நீரிலிருந்து அப்போதுதான் தூக்கிய ஹல்லில் அளவு உயர்ந்தே காட்டும். செம்பு கலந்த அடிப்பூச்சும், உட்புறம் ஒட்டியிருக்கும் உலோகத் தொட்டியும், பில்ஜில் (படகின் உள்ளே அடிப்பகுதியில்) தேங்கிய நீரும் கூட முள்ளை ஏற்றிவிடும். பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டும், சுத்தியல் ஒலியோடு சேர்த்தும் பார்த்தால்தான் அந்த அளவுக்குப் பொருள் உண்டு. நீர் ஊடுருவி ஹல்லில் எழும் ஆஸ்மோசிஸ் கொப்புளங்களைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். சில கொப்புளங்களால் மூழ்கிய படகை நான் பார்த்ததில்லை. காப்பீட்டு அதிகாரியின் தூக்கத்தைக் கெடுப்பவை வேறு.

அவற்றில் முதன்மையானது நீர்மட்டத்துக்குக் கீழே ஹல்லைத் துளைத்துச் செல்லும் பொருத்துகள். ஒவ்வொரு சீகாக்கும் (அந்தத் துளையை மூடும் வால்வு) கையால் திறந்து மூடும்படி இருக்கிறதா, ஹோஸ் இளகியிருக்கிறதா, கிளிப்புகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்ப்போம். சாதாரணப் பித்தளை கடல்நீரில் நாளடைவில் துத்தநாகத்தை இழந்துவிடும். மேலே பார்த்தால் முழுதாக இருக்கும், கத்தி முனையால் இலேசாகச் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு தெரியும். அந்த நிறத்தைக் கண்டால் அது வலிமையற்ற செம்புச் சல்லடை என்று பொருள். நன்றாக அழுத்தினால் ஹோஸோடு கையில் வந்துவிடும். வெண்கலமோ துத்தநாக இழப்பைத் தாங்கும் பித்தளைக் கலவையோ என்றால் இந்தக் கவலை குறைவு.

அடுத்தது கீல், அதாவது படகைச் சாயாமல் நிறுத்த ஹல்லின் அடியில் பொருத்தப்படும் கனமான பகுதி. கீலும் ஹல்லும் சேரும் கோட்டில் விரிசல், துருக்கசிவு, உள்ளே கீல் போல்ட்டுகளின் வாஷரைச் சுற்றி அரிப்பு, தரை தட்டிய தடயம் ஆகியவற்றைத் தேடுவோம். 2014 மே மாதம் அட்லாண்டிக் கடலில் சீக்கி ரஃபிக்கி என்ற பாய்மரப் படகு கீல் கழன்று கவிழ்ந்து, அதிலிருந்த 4 பேரையும் கடல் கொண்டது. அதைப் பற்றிய பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை, முன்பு பலமுறை தரை தட்டியதாலும் அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளாலும் ஹல்லை உள்ளிருந்து வலுப்படுத்தும் உட்சட்டத்துக்கும் ஹல்லுக்கும் இடையிலான ஒட்டு வலுவிழந்திருக்கலாம் என்றும், அத்தகைய விலகல் வெளியே தெரியாமலே இருக்கக்கூடும் என்றும் எச்சரித்தது. ஆகவே உங்கள் படகு எப்போதாவது தரை தட்டியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். எங்கே கண்ணைச் செலுத்த வேண்டும் என்று சர்வேயருக்குத் தெரியும்.

சுக்கான் ஆட்டம், ஷாஃப்ட் பேரிங், புரொப்பல்லர், மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடும் அனோடு ஆகியவையும் பார்க்கப்படும். அவற்றில் விளக்க அதிகம் இல்லை.

நீலக்கொடி எழுதியது:

படகுகளின் மின்சாரம் மற்றும் எரிவாயு வேலைகளைச் செய்பவன் நான். சர்வே அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வருபவர்கள் அனேகம் பேர் என்பதால், எவை திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன என்று சொல்ல முடியும்.

பேட்டரியின் நேர்முனையில் மூடி இல்லாதது, பேட்டரி இறுகக் கட்டப்படாதது, முனையிலிருந்து புறப்படும் வயர்களுக்கு அருகிலேயே ஃபியூஸ் இல்லாதது ஆகிய மூன்றும் ஏறத்தாழ எல்லாப் பழைய படகிலும் இருக்கும். ஃபியூஸ் மின்மூலத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் பொது விதி. வயருக்கு உறை போட்டால் கூடுதல் தூரம் அனுமதிக்கப்படும், ஸ்டார்ட்டருக்குச் செல்லும் வயருக்கு விலக்கு உண்டு. கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் பிளக்கைக் கழற்றி அதன் ஊசிகளைப் பாருங்கள்: ஓர் ஊசியின் அடியில் மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால், தளர்ந்த இணைப்பு சூடேறிக்கொண்டிருக்கிறது. தீ அங்கிருந்துதான் தொடங்கும். சர்வேயர் வருவதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பில்ஜில் போய்த் தங்கும். எனவே சிலிண்டர் இருக்கும் பெட்டி படகின் உட்புறத்தோடு தொடர்பில்லாமல் அடைபட்டிருக்க வேண்டும், அதன் அடியிலிருந்து வெளியே வடிகால் இருக்க வேண்டும். அழுத்தமானி பொருத்தியிருந்தால் கசிவை நீங்களே சோதிக்கலாம். அடுப்பின் திருகுகளை மூடி, எரிவாயுக் குழாயில் உள்ள மின்வால்வையும் சிலிண்டரையும் திறந்து, முள் ஏறியதும் சிலிண்டரை மட்டும் மூடுங்கள். 3 நிமிடமாவது முள் அசையாமல் நின்றால் சரி. முள் இறங்கினால் அடுப்பைப் பற்றவைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

தென்கிழக்கான் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இந்தத் தரங்கள் பலவும் அந்தப் படகு கட்டப்பட்டபின் வந்தவை அல்லவா? கட்டியபோது இருந்த விதிக்கு உட்பட்டுக் கட்டிய படகை இன்றைய அளவுகோலால் அளந்து குறை எழுதுவது என்ன நியாயம்? அதிலும் அமெரிக்கக் கவுன்சிலின் தரம் தன்னார்வமாகப் பின்பற்றப்படுவது, சட்டம் அல்ல.

வடம்பிடி எழுதியது:

நியாயமான கேள்வி. அவை தன்னார்வத் தரங்கள் என்பது உண்மை. புதிய தரம் வந்துவிட்டது என்பதற்காகப் பழைய படகைத் திருத்த வேண்டும் என்று பெரும்பாலும் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை என்பதும் உண்மை. ஆனால் காப்பீடு என்பது சட்டக் கடமை பற்றியது அல்ல, ஓர் ஆபத்தை எந்த நிபந்தனையில் ஏற்பது என்ற ஒப்பந்தம். நிறுவனம் கேட்கலாம், நீங்கள் மறுக்கலாம், அவர்கள் பாலிசியை மறுக்கலாம்.

நல்ல சர்வேயர் இங்கே பிரித்து எழுதுவார். கடலில் இறங்கும் முன் சரிசெய்தே ஆக வேண்டியவை ஒரு வகுப்பு. விரைவில் கவனிக்க வேண்டியவை இன்னொன்று. இன்றைய தரத்துக்கு உயர்த்தினால் நல்லது என்ற ஆலோசனைகள் மூன்றாவது. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டிவைத்த அறிக்கை வந்தால், நிறுவனம் அத்தனையையும் நிபந்தனையாக்கிவிட இடமுண்டு. அதனால் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே, பரிந்துரைகளை வகைப்படுத்தித் தருவீர்களா என்று கேட்டு, அவர் எழுதிய பழைய அறிக்கை ஒன்றின் மாதிரியையும் வாங்கிப் பாருங்கள்.

அலைவாய் எழுதியது:

நான் காப்பீட்டுத் தரகு அலுவலகத்தில் பணியாற்றுகிறேன். இந்த இழையில் இன்னும் தொடப்படாத பகுதி ஒன்று உண்டு: அறிக்கை வந்தபின் நடப்பது.

குறை எதுவுமே இல்லாத அறிக்கையை நாங்கள் கண்டதில்லை என்றே சொல்லலாம். அப்படி ஒன்று வந்தால் சர்வேயர் மீதுதான் சந்தேகம் வரும். குறை இருப்பதால் பாலிசி மறுக்கப்படுவது அரிது. வழக்கமாக, முதல் வகுப்புப் பரிந்துரைகளை இந்தத் தேதிக்குள் முடித்துக் கையொப்பமிட்ட உறுதிக் கடிதம் அனுப்புங்கள் என்று கேட்பார்கள். அந்தக் கடிதத்தில்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். "எல்லாம் முடிந்தது" என்று ஒரே வரியில் எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். உண்மையில் முடியாத ஒன்றின் காரணமாக அடுத்த பருவத்தில் படகு மூழ்கினால், தெரிந்தே பொய் சொன்னதாக அது கொள்ளப்படும். அறிக்கை வருவதற்கு முன் உங்களுக்குத் தெரியாத குறை, வந்தபின் தெரிந்த குறையாகிவிடுகிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், பல நாடுகளின் கடல் காப்பீட்டுச் சட்டங்களுக்கு மூலமாக இருந்த பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாலிசியில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலொழிய, சாதாரணத் தேய்மானத்துக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்ல என்கிறது அது. கால அடிப்படையிலான பாலிசியில், கடலுக்குத் தகுதியற்ற நிலையில் இருப்பதை உரிமையாளர் அறிந்தே கலத்தைக் கடலுக்கு அனுப்பினால், அந்தத் தகுதியின்மையால் நேர்ந்த இழப்புக்கும் பொறுப்பில்லை என்கிறது. "அறிந்தே" என்பதற்கு அறிக்கையைவிட வலுவான சான்று வேறென்ன வேண்டும்? பாலிசி நிபந்தனையை மீறினால் காப்பீடு அடியோடு போய்விடும் என்றிருந்த கடுமையை 2015ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே தளர்த்தியது. மீறல் நீடிக்கும் வரைதான் பொறுப்பு நிறுத்திவைக்கப்படும், நடந்த இழப்பின் ஆபத்தை அந்த மீறல் கூட்டியிருக்க முடியாது என்று காட்டினாலும் பயனுண்டு. எல்லா இடத்திலும் இந்தச் சலுகை இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மதிப்பீட்டுப் பகுதியையும் கவனமாகப் படியுங்கள். ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற வகைப் பாலிசியில், படகு முழுதாக அழிந்தால் அட்டவணையில் எழுதிய தொகையே கிடைக்கும். சந்தை மதிப்பு வகையில் இழப்பு நேர்ந்த அன்றைய மதிப்பு கணக்கிடப்படும். சர்வேயர் எழுதுவது ஒத்த படகுகளின் விற்பனையை வைத்துக் கணித்த சந்தை விலை. நீங்கள் புதிய பாய்களுக்கும் கருவிகளுக்கும் செலவழித்த தொகை அப்படியே அதில் ஏறாது. என்றாலும் ரசீதுகளைக் கொடுக்காவிட்டால் அவை இருப்பதே அவர் கணக்கில் வராமல் போகலாம்.

கரைவலை எழுதியது:

பயனுள்ள விளக்கங்கள். இரண்டு ஐயங்கள். அறிக்கைகளில் "அணுக இயலவில்லை" என்ற சொற்றொடர் அடிக்கடி வருவதாகச் சொல்கிறார்கள். அது நிறுவனத்துக்கு உறுத்தாதா? பாய்மரத்தின் மேலே ஏறிப் பார்ப்பார்களா?

வடம்பிடி எழுதியது:

எதையும் உடைத்தோ திருகைக் கழற்றியோ பார்ப்பது இந்த ஆய்வில் சேராது. ஒட்டப்பட்ட தரைப்பலகையின் அடியில் உள்ள தொட்டி, லைனருக்கு (உட்புற உறைக்கு) பின்னால் போகும் வயர்கள், தளத்துக்குள் மறைந்திருக்கும் செயின்பிளேட்டின் பகுதி ஆகியவற்றை நாங்கள் பார்க்க முடியாது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதவும் கூடாது. அந்தச் சொற்றொடர் சில இடங்களில் தவிர்க்க முடியாதது. ஆனால் லாக்கருக்குள் பாய் மூட்டைகளும் கயிறும் அடைந்து கிடப்பதால் சீகாக்கை அணுக இயலவில்லை என்று எழுத நேர்ந்தால், அது உங்கள் கையில் இருந்த வாய்ப்பைத் தவறவிட்டது ஆகும். முந்தின நாளே எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும். பில்ஜ் காய்ந்திருக்கட்டும், எண்ணெய் மிதக்கும் பில்ஜ் எந்தக் கசிவையும் காட்டாது. தீயணைப்பான், ஆபத்தில் சைகை காட்டும் எரிசுடர் ஆகியவற்றின் காலாவதித் தேதிகளை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். அந்த அற்பக் காரணத்துக்காக முதல் வகுப்பில் ஒரு வரி ஏறுவதைப் பார்க்கச் சலிப்பாக இருக்கும்.

பாய்மரத்தில் பொதுவாக ஏறமாட்டோம். தளத்திலிருந்து எட்டும் உயரம் வரைதான். கம்பிகளின் வயது பற்றி நிறுவனங்கள் கறாராக இருக்கின்றன. 10 முதல் 15 ஆண்டு கடந்த துருவேறாக் கம்பிகளை மாற்றச் சொல்வதோ ரிக்கர் (பாய்மரம், கம்பி வேலை செய்பவர்) ஒருவரின் தனி அறிக்கையைக் கேட்பதோ வழக்கம். மாற்றிய ரசீது இருந்தால் அதன் நகலைச் சர்வேயரிடம் கொடுத்துவிடுங்கள். என்ஜினும் அப்படித்தான்: ஓடுகிறதா, கசிகிறதா, தாங்கிகள் உறுதியாக இருக்கின்றனவா என்று வெளியிலிருந்து பார்ப்போம், உள்ளிருப்பதை அறிய மெக்கானிக் வேண்டும்.

தென்கிழக்கான் எழுதியது:

சரி, கண்துடைப்பு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். நீரில் வைத்தே ஆய்வு செய்வதைச் சில நிறுவனங்கள் ஏற்கின்றன என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். என் நிறுவனம் ஏற்றது.

அலைவாய் எழுதியது:

சில ஏற்கும், குறிப்பாகப் படகு இளமையாகவும் அண்மையில் கரையேற்றிப் பார்த்த அறிக்கை கோப்பிலும் இருந்தால். கரைவலை அவர்களுக்கு வந்த கடிதத்தில் கரையேற்றம் என்றே எழுதியிருப்பதால் அங்கே பேச்சுக்கு இடமில்லை. அடிப்பூச்சு பூசுவதற்காக எப்படியும் படகைத் தூக்கப்போகிறீர்கள் என்றால், ஆய்வையும் அந்த வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பூச்சுக்கு முன் ஆய்வு, பின் அல்ல.

கரைவலை எழுதியது:

அப்படியே ஏற்பாடு செய்துகொள்கிறேன். பாலிசி முடியும் தேதிக்குள் கரையேற்ற இடம் கிடைக்காது போலிருக்கிறது. இடைக்காலத்தில் காப்பீடு இல்லாமல் இருக்க நேருமோ என்பதுதான் இப்போதைய கவலை.

அலைவாய் எழுதியது:

முடியும் தேதி வரை காத்திருக்காமல் இன்றே எழுதுங்கள். கரையேற்ற முன்பதிவு செய்த தேதி, சர்வேயர் ஒப்புக்கொண்ட கடிதம் ஆகிய இரண்டையும் இணைத்து, குறுகிய கால நீட்டிப்புக் கோருங்கள். துறையில் கட்டிய நிலையில் மட்டும் காப்பு, கரையேற்றும் இடத்துக்குச் செல்லும் ஒரு பயணத்துக்கு மட்டும் அனுமதி என்ற வரையறையுடன் தருவது நடைமுறையில் உள்ளது. அந்த ஒப்புதல் எழுத்தில் கைக்கு வரும்வரை படகை அவிழ்க்க வேண்டாம். தொலைபேசியில் சொன்னார்கள் என்பது பின்னால் எடுபடாது.